எழுத்தாளனின் வகீல்

நீதிமன்றத்தில் வாதாடுபவரை நாம் வக்கீல் என்கிறோம். அச்சொல் அரபு மொழி நமக்குத் தந்தது. ஆனால் அரபியில் ‘வகீல்’ என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய சொல்லன்று. தன் காரியத்தைத் தானே நேரில் நின்று முடிக்க இயலாதவன் அதனை எவரிடம் ஒப்படைக்கிறானோ அவரே வகீல். வீட்டை விற்பதற்கும் வகீல் உண்டு. கடனை வசூலிப்பதற்கும் உண்டு. நம் இல்லத் திருமணங்களில் மணமகளின் சம்மதத்தைப் பெற்று வந்து சபையில் அவர் சார்பாகப் பேசும் வகீலை அறியாதார் நம்முள் இலர்.

அதே அரபியில் ‘சிம்ஸார்’ என்று மற்றொரு சொல்லும் உண்டு. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் நடுவே நின்று, விலை படியச் செய்து, கூலி பெற்றுக்கொள்ளும் தரகரை அது குறிக்கும். வகீலும் நடுவில் நிற்பவர். சிம்ஸாரும் நடுவில் நிற்பவர். எனினும் பேரம் படிந்தவுடன் சிம்ஸாரின் வேலை முடிந்துவிடுகிறது. வகீலின் கையிலோ பிறர் பொருள் அமானிதமாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே வயதுடைய ஒரு தொழிலின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். நூலாசிரியருக்காகப் பதிப்பகத்தாரிடம் பேசி, ஒப்பந்தம் செய்து, பணம் பெற்றுத் தந்து, அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளும் இலக்கிய முகவரின் தொழிலே அது. அவர் வகீலா, சிம்ஸாரா? அத்தொழிலின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவுக்குள் அடங்கும் என்பது நம் கருத்து.

விற்றவர் அறியாத விலை

முகவர் தோன்றுவதற்கு முன் எழுத்தாளர் நிலை என்ன? ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்ட்டன் தம் பெருங்காவியமான ‘இழந்த சொர்க்க’த்தை 1667இல் சாமுவேல் சிம்மன்ஸ் என்னும் அச்சகத்தாருக்கு விற்றார். கையெழுத்திட்டபோது 5 பவுன். முதற் பதிப்பில் 1,300 பிரதிகள் விற்றபின் மேலும் 5 பவுன். அவர் உயிரோடிருந்தபோது பெற்றது இந்தப் பத்துப் பவுன்தான். அவர் மறைந்தபின் 1680இல் அவருடைய மனைவி 8 பவுன் பெற்றுக்கொண்டு எஞ்சிய உரிமையனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் தம் புகழ்பெற்ற நாவலான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நூலின் உரிமையை 110 பவுனுக்கு விற்றார். அவர் விரும்பியது 150 பவுன். 1813 ஜனவரியில் வெளிவந்த அந்நூல் அதே ஆண்டில் மறுபதிப்புக் கண்டது. உரிமையை முற்றாகக் கொடுத்துவிட்டவருக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை.

இன்னும் அண்மைக்கு வருவோம். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை உலகுக்கு அளித்த ஆர்தர் கானன் டாயில், அவ்வரிசையின் முதல் நூலை 1886இல் 25 பவுனுக்கு முற்றாக விற்றார். வேறு பதிப்பகங்கள் சில அதனை ஏற்க மறுத்திருந்தன; கிடைத்ததைப் பெற்றுக்கொள்வதன்றி அந்த இளம் மருத்துவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

இம்மூவரையும் ஏமாற்றியவர் எவருமில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தப்படியே நிறைவேறியது. குறை எங்கே எனில், விற்பது இன்னதென்று விற்றவருக்குத் தெரியாமையில் இருக்கிறது. நெல் விற்பவன் நெல்லைப் பார்த்து விற்கிறான். எழுத்தை விற்பவனோ கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை விற்கிறான். காகிதத்தின் விலை ஒன்று. அதிலுள்ளதை மீண்டும் மீண்டும் அச்சிடும் உரிமையின் விலை வேறொன்று.

காலம் பிறப்பித்த தொழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுரிமை பல கிளைகளாகப் பிரிந்தது. 1870இல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. படிக்கத் தெரிந்தோர் பெருகினர். அவர்களுக்காகப் பத்திரிகைகளும் பெருகின. 1873இல் போல்ட்டன் நகரத்து டில்லட்சன் நிறுவனத்தார் தொடர்கதைகளை விலைக்கு வாங்கிப் பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு ஒரே நேரத்தில் விற்கும் முறையைத் தொடங்கினர். இந்தியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் விற்பதற்கென்றே மலிவுப் பதிப்புகள் புறப்பட்டன. 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையுள்ள மூன்று தொகுதி நாவலை வாடகை நூலகங்கள் வாங்கிப் படிக்கக் கொடுத்துவந்த பழைய முறை 1894க்குப் பின் சரிந்தது. ஒரே கதை தொடராக ஒருமுறை, நூலாக ஒருமுறை, மலிவுப் பதிப்பாக ஒருமுறை, அயல்நாட்டில் ஒருமுறை என்று பலமுறை விலைபோகலாயிற்று.

அமெரிக்கா வேறொரு சிக்கலைத் தந்தது. 1891 வரை அந்நாட்டுச் சட்டம் அயல்நாட்டாரின் நூலுக்குக் காப்பளிக்கவில்லை. இலண்டனில் வெளிவந்த நூலை நியூயார்க்கில் எவரும் அச்சிடலாம், ஆசிரியருக்கு எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. அவ்வாண்டில் வந்த புதிய சட்டம் காப்பளித்தது. ஆனால் நூல் அமெரிக்காவிலேயே அச்சுக்கோக்கப்பட வேண்டும், பிறநாட்டில் வெளிவரும் நாளுக்குப் பிந்தாமல் அங்கும் வெளிவரவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மேசையடியில் அமர்ந்து கதை எழுதுபவர், கடலுக்கு அப்பாலுள்ள அச்சகத்தின் நாளையும் கப்பலின் நாளையும் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவருக்காக அதனைச் செய்ய ஒருவர் வேண்டியிருந்தது.

முதல்வர் வாட்

அவ்வாறு முன்வந்தவர் அலெக்ஸாண்டர் பொலாக் வாட். 1834இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்த அவர், இலண்டனில் தம் மைத்துனரின் பதிப்பகத்தில் பணியாற்றிப் புத்தக வணிகத்தை உள்ளிருந்து கற்றவர். நாவலாசிரியரான ஜார்ஜ் மெக்டொனால்டு என்னும் நண்பர், தம் கதைகளை விற்றுத் தருமாறு அவரை வேண்டினார். நட்புக்காக ஏற்ற வேலையே 1875ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாயிற்று. எழுத்தாளருக்கு வரும் தொகையில் நூற்றுக்குப் பத்து என்று வாட் வகுத்த கூலி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அத்தொழிலின் மாறா அளவாக நின்றது. வில்கி காலின்ஸ், ரைடர் ஹாகார்டு, ருட்யார்டு கிப்ளிங் போன்றோர் அவரிடம் தம் காரியங்களை ஒப்படைத்தனர்.

25 பவுனுக்கு நூலை விற்ற கானன் டாயிலும் அவரிடம் வந்தார். 1891இல் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் வாட் வழியாக ‘ஸ்டிராண்டு’ மாத இதழுக்குச் சென்றன. வாசகர் அவற்றை விரும்பிப் படித்தனர். இதழாசிரியர் மேலும் கதை கேட்டார். டாயில் இம்முறை கதையொன்றுக்கு, நீளம் எவ்வளவாயினும், 50 பவுன் வேண்டுமென்றார், தயக்கமின்றிக் கிடைத்தது. ஒரு முழுநூலுக்குப் பெற்றதைப்போல் இருமடங்கு ஒரு சிறுகதைக்குக் கிடைத்துவிட்டது! அவ்வாண்டிலேயே அவர் மருத்துவத் தொழிலைக் கைவிட்டார். எழுத்துக்குச் சந்தை எங்கே இருக்கிறது என்று காட்டியவர் முகவர். அந்தச் சந்தையைக் கண்டபின் விலை சொல்லும் துணிவு எழுத்தாளருக்குத் தானே வந்தது.

ஆயினும் வாட்டிடமும் ஒரு குறை சொல்லப்பட்டது. அவர் சில வேளைகளில் பதிப்பகத்தாருக்காகவும் வேலை செய்தார். தொழில் புதியது; நெறிகள் இன்னும் வகுக்கப்படவில்லை. அதாவது வகீலின் இருக்கையில் அமர்ந்திருந்தவர் இடையிடையே சிம்ஸாராகவும் இருந்தார் என்க.

எதிர்ப்பு

பதிப்பகத்தார் இத்தொழிலை வரவேற்கவில்லை. வில்லியம் ஹைன்மன் என்னும் புகழ்பெற்ற பதிப்பாளர் 1893இல் ‘அதீனியம்’ இதழில் முகவர்களைப் பிறர் உழைப்பில் வாழும் ஒட்டுண்ணிகள் என்று சாடி எழுதினார். பதிப்பாளருக்கும் ஆசிரியருக்கும் இடையே நிலவிய நட்பை இவர்கள் கெடுக்கிறார்கள் என்பது அவர்தம் முறையீடு.

அம்முறையீட்டில் உண்மை அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. நல்ல பதிப்பாளர் ஆசிரியருக்கு ஆசானாகவும் தோழராகவும் இருந்ததுண்டு. ஆனால் நட்பு என்பது கணக்கைக் காட்டாமல் இருப்பதற்குக் காரணமாகலாமா? அக்காலத்தில் ‘பாதி இலாபம்’ என்றொரு முறை இருந்தது. செலவு போக எஞ்சியதில் பாதி ஆசிரியருக்கு உரியது. செலவு எவ்வளவு என்று எழுதுவது பதிப்பாளரின் கை. செலவைக் கூட்டி எழுதினால் இலாபம் மறைந்துபோகும். வால்டர் பெசண்ட் என்னும் நாவலாசிரியர் 1884இல் எழுத்தாளர் சங்கத்தை நிறுவியதும், அச்சுக்கூலி, காகிதம், கட்டுமானம் ஆகியவற்றின் உண்மைச் செலவைச் சங்கம் நூலாகவே வெளியிட்டதும் இதனாற்றான். அந்த பெசண்ட்டும் வாட்டிடம் தம் நூல்களை ஒப்படைத்தவரே என்பது நோக்கற்பாலது.

வகீலின் பொறுமை

வகீல் என்னும் சொல்லுக்கு இன்னும் அருகில் வந்தவர் ஜேம்ஸ் பிராண்டு பிங்கர். அவர் இளமையில் இஸ்தான்புல் சென்று அங்கு வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகையொன்றில் வேலை பார்த்தவர். பிறகு இலண்டனில் பத்திரிகை ஆசிரியர் குழுவிலும் பதிப்பகத்திலும் அனுபவம் பெற்றவர். 1896இல் தம் அலுவலகத்தைத் திறந்தார். வாட் பெயர்பெற்ற எழுத்தாளர்களை நாடினார். பிங்கரோ இன்னும் பெயர் பெறாதவர்களையும் தேடினார். ஹென்றி ஜேம்ஸ், எச். ஜி. வெல்ஸ், ஆர்னால்டு பென்னட் ஆகியோர் அவரிடம் இருந்தனர்.

எல்லோரினும் அவரைச் சோதித்தவர் ஜோசப் கான்ராட். போலந்துக் குடும்பத்தில் பிறந்து, கப்பலில் வேலை செய்து, இருபது வயதுக்குப் பின் ஆங்கிலம் கற்று, அம்மொழியிலேயே பெருநாவல்கள் எழுதியவர் அவர். 1900இல் பிங்கரிடம் வந்தார். எழுதுவதில் மெதுவானவர், செலவில் விரைவானவர், நோயும் குடும்பச் சுமையும் உடையவர். குறித்த நாளில் கைப்பிரதி வராது. பணம் கேட்டுக் கடிதம் தவறாது வரும். பிங்கர் தம் பணத்தையே முன்பணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் அக்கடன் 1,500 பவுனைத் தாண்டியது. 1910 ஜனவரியில் இருவருக்கும் பெரும் பூசல் மூண்டது. ஆங்கிலத்தில் பேசும்படி பிங்கர் கூறிய ஒரு சொல், அம்மொழியைத் தம் உழைப்பால் வென்ற கான்ராட்டின் நெஞ்சைச் சுட்டது. ஈராண்டுக் காலம் இருவரிடையே முறைக்கடிதங்களன்றி உறவில்லை.

எனினும் பிங்கர் அவரைக் கைவிடவில்லை. ‘சான்ஸ்’ என்னும் நாவல் 1914இல் நன்கு விற்றுக் கான்ராட்டுக்கு முதன்முறையாகச் செல்வத்தைக் கொடுத்தது, கடன் தீர்ந்தது, நட்பு முன்னிலும் உறுதியாயிற்று. 1922இல் பிங்கர் நியூயார்க்கில் காலமானார். வெறும் தரகராக இருந்திருந்தால் பதினான்கு ஆண்டுகள் காத்திருப்பாரா? இல்லாத நெல்லுக்கு எந்தத் தரகர் முன்பணம் கொடுப்பார்?

தேம்ஸ் நதிக்கரையில் ஒரு கைப்பிரதி

இத்தொழிலின் பயன் தமிழ்மண்ணில் பிறந்த ஒருவரையும் எட்டியது. 1906இல் சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண், ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் தம் முதல் ஆங்கில நாவலை எழுதி இலண்டன் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. மனம் சோர்ந்த அவர், கைப்பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடுமாறு இங்கிலாந்திலிருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பர் அவ்வாறு செய்யாமல் அதனை எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் சேர்த்தார். கிரீன் படித்து வியந்து பரிந்துரைத்தார். 1935இல் நூல் வெளிவந்தது.

கிரீன் செய்த மற்றொரு நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தம்முடைய முகவரான டேவிட் ஹையமிடம் நாராயணை அவர் சேர்ப்பித்தார். முதல் நூல் போதிய அளவு விற்காததால் அதை வெளியிட்ட பதிப்பகம் அடுத்த நூலை ஏற்கவில்லை. இரண்டாம் நூல் 1937இல் வேறொரு பதிப்பகத்திலும், மூன்றாவது 1938இல் மற்றொரு பதிப்பகத்திலும் வெளிவந்தன. மைசூரில் இருந்துகொண்டு இலண்டனில் கதவு கதவாகத் தட்டுவது ஆகக்கூடிய காரியமா? நண்பர் ஒருமுறை உதவலாம். மூடிய கதவைவிட்டு அடுத்த கதவுக்குச் செல்ல வகீல் வேண்டும்.

பார்சலோனாவின் பெண்மணி

முகவர்களால் ஒரு மொழியின் இலக்கியத்துக்கே விடிவு பிறந்ததும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் கார்மென் பால்செல்ஸ் என்னும் பெண்மணி, சிற்றூரில் பிறந்து, பல்கலைக்கழகப் படிப்பின்றி இத்தொழிலுக்கு வந்தார். அக்காலத்தில் ஸ்பானிய மொழியில் எழுதியவர் ஒருமுறை கையெழுத்திட்டால் நூல் காலவரையின்றிப் பதிப்பகத்துக்குச் சொந்தம். இத்தனை ஆண்டுகளுக்கு மட்டும், இந்தந்த நாடுகளுக்கு மட்டும் என்று வரையறுத்து ஒப்பந்தம் எழுதும் வழக்கத்தை வற்புறுத்தி நிலைநாட்டியவர் அவர்.

1965இல் அவர் மெக்சிகோ சென்று, அங்கு வறுமையில் இருந்த கப்ரியேல் கார்சியா மார்க்கேஸைக் கண்டார். அவருடைய நான்கு நூல்களுக்கு அமெரிக்கப் பதிப்பகத்திடம் ஆயிரம் டாலர் பெற்று வந்திருப்பதாகக் கூறியபோது, இது மோசமான ஒப்பந்தம் என்று முகத்துக்கு நேரே கடிந்துகொண்டார் ஆசிரியர். ஆயினும் பிரிவதற்குள் இருவரும் நண்பராயினர்; 150 ஆண்டுகளுக்கு இவரே என் முகவர் என்று விளையாட்டாக ஓர் உடன்படிக்கையும் எழுதிக் கொடுத்தார். இரண்டாண்டில் ‘ஒரு நூற்றாண்டுத் தனிமை’ வெளிவந்தது. 1982இல் நோபல் பரிசு வந்தது.

இலண்டனில் ஆசிரியப் பணிபுரிந்துகொண்டு எழுதிவந்த மரியோ வார்காஸ் லோசாவிடம், கற்பிப்பதை விட்டு எழுதுங்கள், நீங்கள் பெறும் ஊதியத்தை நான் தருகிறேன் என்று சொல்லி, மாதந்தோறும் 500 டாலர் கொடுத்தவரும் இவரே. அவருக்கும் 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. பால்செல்ஸ் 2015இல் மறைந்தார்.

அமானிதம் முறிந்தபோது

நன்மையை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மையாகாது. பணம் முகவர் வழியாகவே எழுத்தாளரை அடைகிறது. எனவே முகவர் தவறினால் எழுத்தாளருக்குத் தெரிவதற்கே ஆண்டுகள் ஆகும். நியூயார்க்கிலிருந்த பழைய முகவர் நிறுவனமொன்றின் கணக்கர் பல ஆண்டுகளாக 34 லட்சம் டாலர் கையாடியிருந்தது 2018இல் வெளிப்பட்டது. அவர் சிறை சென்றார், நிறுவனம் திவாலாயிற்று, பதிப்பகம் பணம் தரவில்லை போலும் என்று எண்ணியிருந்த எழுத்தாளர்கள் திகைத்தனர்.

ஹார்ப்பர் லீ அம்மையாரின் செய்தி இதனினும் கசப்பானது. 1960இல் வெளிவந்த அவருடைய நாவல் கோடிக்கணக்கில் விற்றது. முதுமையில் கண்ணும் செவியும் மங்கியிருந்த காலத்தில், 2007இல், அந்நூலின் பதிப்புரிமையே தம் முகவர் பெயரால் அமைந்த ஏற்பாட்டுக்குள் எழுதி வாங்கப்பட்டதென்று 2013இல் அவர் வழக்குத் தொடுத்தார். உரிமை அதற்கு முன்பே அவரிடம் திரும்பியிருந்தது. வழக்கு அவ்வாண்டே சமரசத்தில் முடிந்தது. வழக்கில் கூறப்பட்டவற்றின் மெய்மையை நாம் தீர்ப்பிட முடியாது. ஆனால் அவ்வழக்கு எழுப்பிய அச்சம் மெய்யானது: ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு வகீலே உடைமையாளர் ஆகிவிடுவாரோ என்னும் அச்சம் அது.

இதனாலேயே இத்தொழிலினர் தமக்குள் நெறிகளை வகுத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 1974இல் முகவர் சங்கம் அமைந்தது. இன்று ஆங்கில நாடுகளில் கூலி பெரும்பாலும் நூற்றுக்கு 15. அயல்நாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20. கைப்பிரதியைப் படிப்பதற்கென்று எழுத்தாளரிடம் கட்டணம் வாங்குதல் நெறிக்குப் புறம்பானது. முன்னதாகப் பணம் கொடு, உன் நூலை விற்றுத் தருகிறேன் என்பவர் முகவரல்லர் என்பதை நம் இளைஞர் நினைவில் கொள்க. எழுத்தாளருக்கு வந்தால்தான் முகவருக்கு வரும். இந்த ஒரு கட்டே அவரைச் சிம்ஸாராக விடாமல் வகீலாக நிறுத்தும் கட்டு.

இத்தொழிலுக்குப் பட்டமோ தேர்வோ உரிமச் சீட்டோ இல்லை. பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்து, குவிந்து கிடக்கும் கைப்பிரதிகளைப் படித்து, கடிதம் எழுதி, ஒப்பந்தத்தின் நுணுக்கங்களை மூத்தவரிடம் கற்று முன்னேறுகின்றனர். நூலைச் செப்பம் செய்யும் மொழியறிவு, எந்தப் பதிப்பாசிரியருக்கு எது பிடிக்கும் என்னும் ஆளறிவு, கணக்கறிவு ஆகிய மூன்றும் வேண்டும். மின்னூல், ஒலிநூல், திரைப்படம் ஆகியவற்றோடு, கணினிக்கு மதி புகட்ட நூலைப் பயன்படுத்துவதும் இன்று ஒப்பந்தத்தில் பேசப்படும் பொருளாகிவிட்டது. உரிமையின் கிளைகள் வளரும்தோறும் வகீலின் வேலையும் வளர்கிறது.

நமக்கு

தமிழ்நூலுலகில் ஆசிரியரும் பதிப்பாளரும் பெரும்பாலும் நேரிலேயே பேசிக்கொள்கின்றனர். முகவர் தொழில் இங்கு வேரூன்றவில்லை. 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி, மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பரிமாறிக்கொள்ளும் இடமாக அமைந்தது. தமிழ்நூல்களுக்கும் கடல் கடந்து பேரம் பேசும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது சான்று.

நாம் அறிந்த முதிய ஆசிரியர் ஒருவர், அரபு இலக்கணத்தைத் தமிழில் விளக்கி எழுதிய சிறுநூலை ஐம்பது பிரதிகளுக்கு ஈடாகக் கொடுத்தார். அது பலமுறை அச்சாயிற்று. என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று வினவினால், புத்தகத்தைக் கொடுத்தேன் என்றே கூறுவார். மில்ட்டனும் அவ்வாறே கூறியிருப்பார்.

முகவர் இருப்பினும் இல்லாவிடினும், எழுதுவோர் கையெழுத்திடுமுன் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவே: எந்த உரிமையைக் கொடுக்கிறோம்? எத்தனை ஆண்டுகளுக்கு? எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு? கணக்கு எப்போது காட்டப்படும்? இவற்றைத் தாமே கேட்கக் கூசுவோர், தமக்காகக் கேட்கக்கூடிய நம்பிக்கையானவர் ஒருவரை உடனழைத்துச் செல்லட்டும். மகளின் திருமணத்துக்கு வகீல் வைக்கும் நாம், ஆண்டுக்கணக்கில் விழித்திருந்து எழுதிய நூலை வகீலின்றி அனுப்பிவைப்பது ஏன்?